எந்த ஃபெல்லோ?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்தது பின்னால் வரும், பின்னால் நடந்தது வராமலே போகும்... மறதி வேறு. போன வாரம் இந்தப் பத்திரிகைக்கு நான் 'மதினி' என்று எழுதி அனுப்பியதை யாரோ 'அண்ணி' என்று மாற்றிவிட்டார்கள். மாற்றியவருக்கு ஒரு வேண்டுகோள் — எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். எங்கள் வீட்டு உறவைத் திருத்தாதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு கிரேஸ் வந்தாள். தேனி அல்லிநகரத்தில் இப்போது நான் இருக்கும் தெருவில் ஜவுளிக்கடைக்காரர் வீடு. மகள் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டம் வாங்கியதற்குத் தெருவுக்கே கேக் கொடுத்தவள். அன்றைக்கு முகத்தில் கேக் இல்லை. கவலை இருந்தது. கையில் போன்.

"அக்கா, ஏதோ யூனிவர்சிட்டியில மகளுக்கு எடம் கெடச்சிருக்கு. போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோவாம். ரெண்டு வருசமாம். டாக்டர் பட்டம் வாங்குன பெறகு என்னக்கா பாக்கி இருக்கு? இது வேலையா, படிப்பா? ஒண்ணும் வெளங்கல."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்கிறீகளே."

"இல்ல கிரேசு. ரெண்டாவது ஃபெல்லோதான? பேசாம அனுப்பி வை."

"மொத ஃபெல்லோ யாருக்கா?" என்றாள் கிரேஸ், பயந்துபோய்.

அவளுக்கு அன்று பதில் சொல்ல முடியவில்லை. குக்கர் விசில் அடித்துவிட்டது. வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுலபம் என்பதால், கிரேசுக்கான பதிலை இந்த வாரம் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது சின்னமனூருக்கு. அறுபதுகளில். தேனி அப்போது தனி ஜில்லா இல்லை, நாங்கள் எல்லோரும் மதுரை ஜில்லாக்காரர்கள். மாமனாருக்குக் கடைவீதியில் அரிசிக்கடை. மேகமலை எஸ்டேட் ஒன்றுக்கு அரிசி, பருப்பு, வத்தல், கருவாடு எல்லாம் மாமா கடையிலிருந்துதான் ஜீப்பில் ஏறும்.

மாமாவுக்கு ஒரே மகள், பேச்சியம்மாள். என் வீட்டுக்காரரின் தங்கை. பேர்தான் பேச்சி — பேச்சு கிடையாது. நானும் வாயைத் திறக்காதவள். அதனாலேயே இருவருக்கும் ஒத்துப்போனது. கிணற்றடியில் உட்கார்ந்து நேரம் போவது தெரியாமல் பேசாமல் இருப்போம், சேர்ந்து.

பேச்சி மதுரையில் காலேஜ் படித்தாள். பிறகு மெட்ராஸ் போய் ஆராய்ச்சி செய்தாள். என்ன ஆராய்ச்சி? துரு. இரும்பில் ஏன் துரு பிடிக்கிறது, எப்படித் தடுப்பது. நான் புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன்.

மாமாவுக்குத்தான் அது புரியவே இல்லை. "துரு பிடிச்சா பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுற வேண்டியதுதான. இதுல படிக்க என்னாத்தா இருக்கு?" என்பார். ஆனாலும் தடுக்கவில்லை. அத்தை உயிரோடு இருக்கும்போது, அவள் படிக்கிற வரைக்கும் படிக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார்கள். படிப்புக்கு ஒரு முடிவு உண்டு என்று அத்தை நம்பினார்கள். மாமாவும் நம்பினார். பாவம்.

பட்டம் வாங்கிக்கொண்டு பேச்சி ஊருக்கு வந்தாள். எழுபதுகள் அது. கடைவீதி முழுக்க 'டாக்டரம்மா வந்திருக்காகளாம்' என்று பேச்சு. மறுநாளே ஒரு பெரியவர் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பேச்சி குனிந்து நன்றாகப் பார்த்தாள். "இரும்பா இருந்தாச் சொல்லிருவேன் தாத்தா" என்றாள்.

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஒரு வாக்கியத்தைப் பேச்சி பேசியதே பெரிது என்று அவருக்குத் தெரியாது.

அவள் இருந்த சமயத்தில்தான் அந்தத் தபால் வந்தது. கல்கத்தா பக்கம் ஒரு பல்கலைக்கழகம். பாலங்களில் துரு ஏறாமல் காப்பது பற்றி அங்கே பெரிய ஆராய்ச்சி நடக்கிறதாம். நீ வந்து சேர்ந்துகொள், பதினைந்து நாளைக்குள் சம்மதம் சொல்லித் தந்தி அடி என்று எழுதியிருந்தார்கள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சி இங்கிலீஷில் படித்தாள்.

மாமாவின் கை இலையில் அப்படியே நின்றது.

"என்னவா வரச் சொல்லுறான்? திரும்பச் சொல்லு."

"போஸ்ட்டாக்டோரல் ஃபெல்லோப்பா."

"ஃபெல்லோவா?"

"ஆமாப்பா."

மாமா எழுந்து கை கழுவிவிட்டார். மோர் சாதம் பாக்கி இருந்தது. மோர் சாதத்தை விட்டு மாமா எழுந்து நான் பார்த்ததே இல்லை.

ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எஸ்டேட்டுக்கு முன்பெல்லாம் சரக்கோடு மாமாவே ஏறிப்போவார். அந்தப் பாதை ரோடா என்ன? கல்லும் குழியும்தான். ஒருமுறை வழியில் மழை பிடித்து, தார்ப்பாய் கிழிந்து, அரிசி மூட்டைகள் நனைந்துவிட்டன. லயத்து வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள் எல்லாம் அரிசி வாங்க வரிசையில் நிற்கிறார்கள். எஸ்டேட் மானேஜர் ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து, நனைந்த மூட்டையைப் பார்த்தார். மாமாவைக் காட்டி, "ஹூ இஸ் திஸ் ஃபெல்லோ?" என்று கத்தினார். பிறகு நேராகவே, "யூ ஃபெல்லோ" என்றார். ஆபீஸ் கிளார்க் சிரித்தான். வரிசையும் சிரித்தது.

மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கீழே வந்து கடைவீதியில் ஒருவரிடம் அர்த்தம் கேட்டார்.

"பயலேன்னு அர்த்தம்" என்றார் அவர், யோசிக்காமல்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து சரக்கு மட்டும்தான் மலையேறியது. மாமா ஏறவில்லை. டிரைவர் சுருளிதான் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான். எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. சினிமா போஸ்டரில் அந்த எழுத்து இருந்தால்கூட மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது யோசியுங்கள். அதே சொல்லை, கவர்ன்மெண்ட் முத்திரை போட்ட காகிதத்தில், அவர் மகளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் ஒரு பெண்பிள்ளைக்கு!

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து மாமா கேட்டார். "படிச்சு முடிச்ச பிள்ளைய பயலேன்னு கூப்புடுறான். அங்கன போயி நீ என்ன செய்யப் போற?"

"அப்பா, அது அந்த ஃபெல்லோ இல்ல. இது கௌரவமான பேருப்பா."

"நீ போகணும்னு இருக்க. வேற என்ன சொல்லுவ? சரக்க விக்கிறவன்கிட்டயே தரம் கேக்க முடியுமா?"

வியாபாரியிடம் என்ன பேச முடியும்? பேச்சி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். பழைய இரும்பு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நாங்கள் பேசாமல் இருந்தோம். ரொம்ப நேரம் கழித்து அவளே பேசினாள்.

"மதினி, இது போச்சுன்னா எனக்கு வேற கெடையாது. மார்க்கையன்கோட்டையில எடம் பாத்து வச்சிருக்காக. அடுத்த முகூர்த்தத்துல முடிச்சிருவாக. பெறகு நானும் இந்த வாளியும் ஒண்ணு."

"அது என்ன பேச்சி, டாக்டருக்குப் பெறகும் ஒரு படிப்பு?" என்று கேட்டேன். நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

"நீங்க கல்யாணமாகி இங்கன வந்த புதுசுல எப்படி இருந்தீக? சமைக்கத் தெரியும். யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. ஆனா அடுப்பு அம்மாவோடது. தனிக்குடித்தனம் போற வரைக்கும் அந்த அடுப்புலதான் உங்க கைப்பக்குவத்தக் காட்டணும். அதான் மதினி போஸ்ட்டாக்."

அடடா. அதற்குப் பிறகு எத்தனையோ படித்தவர்கள் எனக்கு இதை விளக்கியிருக்கிறார்கள். ஒருவர்கூட அடுப்பு வரை வரவில்லை.

கிரேஸ், நீ கேட்டதற்குப் பதில் இதுதான். படிப்பும் இல்லை, சொந்த வேலையும் இல்லை. மாமியார் அடுப்பு.

தந்திக்கான நாள் போய்க்கொண்டிருந்தது. பேச்சி பெட்டியைத் திறக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. அப்பாவும் மகளும் ஒருவருக்கொருவர் நல்ல தண்ணீர்க் குழாய் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் காலையில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த சுருளியிடம் மாமா, "ஏலே, முன் சீட்டத் தொடை" என்றார்.

"யாரு மொதலாளி வாராக?"

"நாந்தான். பேச்சியும் வருவா. துணைக்கு அவ மதினியும் வரட்டும்."

சுருளி துண்டால் சீட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். மாமா மலையேறப் போகிறார் என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

"அந்த வார்த்தைய என்கிட்ட எவரு சொன்னாரோ, அவருகிட்டயே போயிக் கேட்டுப்புடுவோம். அவருக்கு நீ போனாலும் ஒண்ணுதான், இருந்தாலும் ஒண்ணுதான்" என்றார் மாமா, பேச்சியைப் பார்க்காமல்.

நான் மேகமலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. பாதி மலையிலேயே எனக்கு வாந்தி. யாருக்கும் தெரியக் கூடாது என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குமேல் தேயிலை பச்சையாக இருந்ததா, மேகம் இறங்கியிருந்ததா... என்னைக் கேட்காதீர்கள்.

எஸ்டேட் ஆபீஸ். தகரக் கூரை. அதே மானேஜர்தான், தலை மட்டும் நரைத்திருந்தது. கேரளாக்காரர். தமிழ் பேசுவார், நடுநடுவே மலையாளம் வரும். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மாமாவை அவருக்கு உடனே அடையாளம் தெரியவில்லை.

"அரிசிக்கடை" என்றார் மாமா.

"ஓ. ஓ. எத்ர காலமாச்சு. என்ன விஷயம்?"

மாமா காகிதத்தை மேஜைமேல் வைத்தார். ஒரு வரியை விரலால் தொட்டார். எந்த வரி என்று மகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்திருக்கிறார். "இங்கன எம்மகளை ஃபெல்லோன்னு எழுதியிருக்காக. அப்படின்னா என்ன?"

மானேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதலிலிருந்து இன்னொருமுறை படித்தார். பிறகு பேச்சியை நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"டாக்டர் இரிக்கணும்" என்றார்.

மலையாளத்தில் 'இரி' என்றால் உட்கார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது தெரியும். பேச்சி உட்காரவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"அவரு கேட்டதுக்குச் சொல்லுங்க சார்" என்றாள்.

மானேஜர் மாமா பக்கம் திரும்பினார். "ஃபெல்லோன்னா ரெண்டு உண்டு. ஒண்ணு, சாதாரணமா ஆளுகளைக் கூப்பிடுறது, ஏசுறது. மற்றது, பெரிய படிப்புக்காரங்க தங்களோட சரிசமமா ஒருத்தரைச் சேர்த்துக்கிடும்போது குடுக்குற பேரு. எல்லாருக்கும் கிட்டாது. இது அது. ரெண்டாவது."

மாமா தலையை ஆட்டினார். பேச்சி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முடிந்தது, கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

மாமா கிளம்பவில்லை.

"அன்னைக்கு அரிசி நனைஞ்சுச்சே. எல்லாரும் பாக்க என்னைய ஒரு ஃபெல்லோ சொன்னீகளே. அது எது?"

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த கிளார்க் கையை நிறுத்திவிட்டான். அன்று சிரித்தானே, அதே கிளார்க்தான்.

எனக்குப் பயமாகிவிட்டது. இந்த மனிதர் கோபித்துக்கொண்டால்? அந்தக் காகிதம் அவர் மேஜையில் கிடக்கிறது. 'நான் சொன்னதும் ரெண்டாவதுதான்' என்று ஒரு பொய் சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று மனசுக்குள் மேகமலை முருகனை — அங்கே முருகன் இருக்கிறாரா தெரியவில்லை — வேண்டிக்கொண்டேன்.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "அது..." என்றார். "அது மொதல்ல சொன்னதுதான்."

"ம்" என்றார் மாமா.

"எனக்கு அன்னைக்குக் கோபம். அப்படி விளிச்சிருக்கக் கூடாது."

"சரி" என்றார் மாமா.

"நீங்க இரிக்கணும்" என்று இன்னொரு நாற்காலியைக் காட்டினார் மானேஜர்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார் மாமா.

பேச்சி உட்கார்ந்தாள். கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத டீ, வந்தது. குடித்தோம். கிளம்பினோம்.

இறங்கும்போது மாமா பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்கவும் பயம். அந்த ஆள் ஏசியதை ஒப்புக்கொண்டுவிட்டாரே, பழைய புண் கிளறிவிட்டதே, இனி மகளை மாமா எங்கே விடப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். மலை இறங்கித் தென்னந்தோப்புகள் கண்ணில் பட்டபோதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"சுருளி, நேரா போஸ்டாபீசுக்கு விடுலே. தந்தி அடிக்கணும்."

பேச்சி என் கையைப் பிடித்தாள். இறுக்கி. வளையல் உடைந்துவிடும் போலிருந்தது.

"என்ன மொதலாளி, வஞ்சதுதான்னு அவரே சொல்லிட்டாரு. நீங்க பேசாம வந்துட்டீக?" என்றான் சுருளி. வெளியே நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தவனுக்கு இது எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

"அட கூறுகெட்டவனே. 'உன்னையும் ரெண்டாவதுதான் சொன்னேன்'னு அவரு சொல்லியிருக்கலாம்ல? எனக்கும் குளுகுளுன்னு இருந்திருக்கும். சொல்லலையே. தன் மூட்டையில கல்லு கெடக்குன்னு ஒத்துக்கிடுறவன், அடுத்த மூட்டைய நல்ல அரிசின்னு சொன்னா நம்பி எடுக்கலாம்லே. அன்னைக்குச் சொன்னது மொத ஃபெல்லோன்னா, எம்மகளுக்கு எழுதியிருக்கிறது நிச்சயமா ரெண்டாவது ஃபெல்லோதான்."

இதுதான் மாமா. தன்னை ஏசியது உண்மை என்று தெரிந்ததால், மகளுக்குக் கிடைத்ததும் உண்மை என்று தெரிந்துகொண்டார். படித்தவர்கள் இதற்கு என்ன பேர் வைத்திருக்கிறார்களோ.

போஸ்டாபீசில் கேட்டார்கள், மகள் என்னவாகப் போகிறாள் என்று. "ஃபெல்லோவா" என்றார் மாமா, சத்தமாக. அங்கிருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள்.

"சிரிக்காதீக. ரெண்டு ஃபெல்லோ இருக்கு. தெரியாட்டிக் கேட்டுக்கிடணும்."

மார்க்கையன்கோட்டைக்காரர்களுக்கும் அதே பதில் போயிற்று. அவர்களுக்கு முதல் ஃபெல்லோவும் விளங்கவில்லை, இரண்டாவதும் விளங்கவில்லை. வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நல்லபடியாக இருக்கட்டும்.

பேச்சி கல்கத்தா போனாள். மதுரை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்து மாமா அன்றைக்கு மோர் சாதமும் சாப்பிட்டார். அந்த ரெண்டு வருஷம் முடிந்ததும் இன்னொரு பல்கலைக்கழகத்தில் இன்னொரு ரெண்டு வருஷம். மறுபடியும் மாமியார் அடுப்பு. பிறகு ஒரு நல்ல நாளில் அவளுக்கே சொந்த அடுப்பு கிடைத்தது, புரொபசர் ஆனாள். அவளிடம் எத்தனையோ பேர் ஃபெல்லோவாக வந்து போனார்கள். கூடவே வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். ரிஜிஸ்தர் ஆபீசில்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் புது மருமகள் மாதிரி நடமாட ஆரம்பித்தது. கடைக்கு யாராவது கடன் கேட்டு வந்தால், "ஆளு எப்படி, மொத ஃபெல்லோவா, ரெண்டாவதா?" என்று மாமா கேட்பார். என் வீட்டுக்காரர் காபி நன்றாக இருந்தால் என்னை 'ரெண்டாவது' என்பார். நன்றாக இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எண்பதுகளில் மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது. கடையில் உட்கார்ந்திருப்பார், ஆளை அடையாளம் தெரியாது. லீவுக்குப் பேச்சி வந்து படியேறினால் மட்டும் செருப்புச் சத்தத்தை வைத்தே கேட்பார்.

"யாரு, ஃபெல்லோவா?"

"ஆமாப்பா."

அதைத் தவிர அவர்களுக்குள் பெரிய பேச்சு எதுவும் இருந்ததில்லை. வேண்டியிருக்கவும் இல்லை.

இப்போது நான் உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டும்.

இதை எழுதுவதற்கு முன்னால் பேச்சிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் சரி என்றாள், ஒன்றைத் தவிர. மானேஜர் நாற்காலியைக் காட்டியதும் மாமா "இருக்கேன், இருக்கேன்" என்றாரே, அப்போது அவர் உட்கார்ந்துவிட்டார் என்கிறாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மாமா உட்காரவில்லை. நின்றுகொண்டேதான் கட்டஞ்சாயா குடித்தார். "மகள் உட்கார்ந்திருக்கிறாள், அது போதும்" என்பது போல நின்றார்.

"உக்காந்தாருங்கறேன். நாந்தான மதினி பக்கத்துல இருந்தேன்."

"நின்னாரு பேச்சி. எனக்குத் தெரியும்."

"உங்க ஞாபகம் துருப்பிடிச்சுப் போச்சு மதினி."

சுருளி இப்போது இல்லை. மானேஜரும் இருக்க மாட்டார். மூலையில் டைப் அடித்த அந்த கிளார்க், அல்லது அவர் வீட்டில் யாராவது இதைப் படித்தால், மாமா அன்றைக்கு உட்கார்ந்தாரா நின்றாரா என்று விசாரித்து எழுதுங்கள். அவர் உட்கார்ந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். தோற்றுப்போனதாகவே நினைக்க மாட்டேன்.

அதுவரைக்கும் பேச்சி சொன்னதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. துரு விஷயத்தில் அவள் டாக்டர்.